யாரிடம் எதைக் கேட்பது? செபி தலைவருக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியப் பங்குகள் மற்றும் பரிவர்த்தனை வாரியம் (செபி), மும்பை.

பொருள்: பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கையும் அவற்றுக்கு வேலை செய்து தரும் சிறு நிறுவனங்களும்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திருப்பூரில் நிட்டிங், சாயம், பிரின்டிங், காஜா பட்டன் என்று கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், இஎஸ்ஐ என்று மாதாமாதம் நடக்கும் வேலைகளோடு சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தருபவர்களுக்கு ஓர் எக்செல் படிவம் அனுப்புகின்றன. அவர்கள் அதைத் தங்களுக்கு வேலை செய்து தரும் பட்டறைகளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பட்டறைக்காரர் அதை என்னிடம் கொண்டுவந்து, “இந்த இஎஸ்ஜி ஃபார்மைக் கொஞ்சம் பாருங்க” என்கிறார். இஎஸ்ஜி என்பது சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். அந்தப் படிவத்தின் மூலம் உங்கள் வாரியத்தின் சுற்றறிக்கைகளில் இருக்கிறது. பட்டியலிடப்படாத எங்கள் மீது வாரியத்துக்கு நேரடி அதிகாரம் ஏதுமில்லை என்பது தெரிந்தும் உங்களுக்கே எழுதுவது அதனால்தான்.

சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன், நேர்மையான நிர்வாகம் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாது என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. நொய்யல் ஆற்றின் கரையில் வாழ்பவர்கள் அப்படிச் சொல்லவும் முடியாது. வாங்குபவர் விற்பவரை நோக்கிக் கேட்கும் கேள்விகள் படிவம் முழுக்க நிறைந்திருக்க, வாங்குபவர் விற்பவரை எப்படி நடத்துகிறார் என்ற கேள்வி மட்டும் ஒற்றை வரியில், அதுவும் உண்மையை மறைக்கக்கூடிய ஒரு சராசரியாக நின்றுவிட்டது என்பதே என் முறையீடு.

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் முதல் 100 நிறுவனங்களுக்கு மட்டும் வந்த வணிகப் பொறுப்பு அறிக்கை படிப்படியாக விரிந்து, 2021 மே மாதச் சுற்றறிக்கையின் மூலம் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’யாக (ஆங்கிலச் சுருக்கம் பிஆர்எஸ்ஆர்) மாறி, 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. 2023 ஜூலையில் அதிலிருந்து ஒன்பது அம்சங்களைப் பிரித்தெடுத்து, ‘பிஆர்எஸ்ஆர் கோர்’ என்று பெயரிட்டு, வெளியார் சரிபார்ப்பை முதல் 150 நிறுவனங்களில் தொடங்கி 2026-27இல் 1000 நிறுவனங்களுக்கும் விரிப்பதாக வாரியம் அறிவித்தது. முதல் 250 நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியின் விவரங்களையும் தர வேண்டும், தர முடியாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்றது அதே சுற்றறிக்கை. எங்கள் மேசைக்குப் படிவம் வரத் தொடங்கியது அதன் பிறகுதான். பிறகு 2025 மார்ச் 28 அன்று வந்த சுற்றறிக்கை, சங்கிலி விவரங்களை நிறுவனங்கள் விரும்பினால் தரலாம் என்று தளர்த்தியதோடு, வாங்குதலிலோ விற்பனையிலோ தனித்தனியே 2 சதவீதமும் அதற்கு மேலும் மதிப்புள்ளவர்களை மட்டும் கணக்கில் கொண்டால் போதும் என்றும் வரையறுத்தது.

மும்பையில் இது எங்களுக்குத் தரப்பட்ட நிவாரணமாகக் கருதப்பட்டிருக்கலாம். ஆனால் படிவங்கள் வருவது குறையவில்லை. ஒருமுறை மென்பொருள் வாங்கி, ஆலோசகரை அமர்த்தி, கொள்முதல் விதிகளில் ஒரு வரி சேர்த்துவிட்ட நிறுவனம், விதி தளர்ந்ததும் அதையெல்லாம் நிறுத்திவிடுவதில்லை. ஏற்றுமதிக்கு வேலை செய்பவர்கள் செடெக்ஸ், பிஎஸ்சிஐ, ஹிக், காட்ஸ் என்று வெளிநாட்டு வாங்குபவர்கள் கேட்கும் ஆளுக்கொரு தணிக்கையை ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருக்க, உள்நாட்டு நிறுவனங்களின் படிவங்கள் அவற்றின் மேல் வந்து அமர்ந்தன. ஒரே ஈபி பில்லின் யூனிட்டை ஒருவர் மாதவாரியாகவும், இன்னொருவர் காலாண்டாகவும், மூன்றாமவர் ஏப்ரல் முதல் மார்ச் வரையும் கேட்கிறார்கள். வாடகைக் கட்டடத்தில் இரண்டு பட்டறைகள் ஒரே மீட்டரில் ஓடி, இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தால் என்ன எழுதுவது என்று எந்தப் படிவமும் சொல்வதில்லை. கொதிகலனுக்கு வரும் விறகின் எடை மேடைச் சீட்டை நான் ஜிஎஸ்டிக்காகக்கூடப் பத்திரப்படுத்தியதில்லை. இப்போது கார்பன் கணக்குக்காக அதையும் கோப்பில் வைக்கிறேன். இதில் தவறில்லை, பழகினால் நல்லதுதான். ஆனால் இந்த வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டவர் யாரும் கூலியில் சேர்த்துத் தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி 2 சதவீத வரம்புக்கு வருகிறேன், ஏனெனில் இந்த மடலின் கனமான பகுதி இதுதான். ஒரு பனியன் உருவாகும் பாதையில் தண்ணீரையும் வெப்பத்தையும் இரசாயனத்தையும் அதிகம் தின்பது சாயமிடுதல். ஆனால் ரூபாய்க் கணக்கில் பெரிய பங்கு நூலுக்கும் தைத்து முடித்த சரக்குக்கும் போகிறது. சாயக் கூலி அதில் சிறு பகுதி. மேலும், பெரிய நிறுவனம் தைத்த ஆடையை ஒருவரிடம் வாங்கினால், அவருக்குச் சாயம் போட்டுக் கொடுத்தவர் நிறுவனத்தின் வாங்குதல் கணக்கில் பெயராகக்கூட இருக்க மாட்டார். ஆக, யாரைக் கேட்பது என்பதைப் பணத்தின் அளவை வைத்துத் தீர்மானித்தால், சுற்றுச்சூழல் சுமை மிக அதிகமாக உள்ள இடம் அறிக்கையிலிருந்து தானாகவே விடுபட்டுவிடுகிறது. சுமை குறைந்த பட்டறைக்காரர் பெரிய விற்பனையாளராக இருந்தால் பக்கம் பக்கமாக நிரப்புகிறார். சாயப்பட்டறையின் விவரம் முதலீட்டாளர் படிக்கும் அறிக்கைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

சேர்ந்தாலும் அது சரியாகச் சேருவதில்லை. படிவத்தில் கார்பன் உமிழ்வை விற்றுமுதலால் வகுத்து ஒரு ‘தீவிர’ எண் கேட்கிறார்கள். கூலிக்குச் சாயம் போடுபவரின் விற்றுமுதலில் துணியின் விலை வராது, கூலி மட்டுமே வரும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு கிலோ துணிக்குச் சாயமிட 3 கிலோ கார்பன் வெளியாகிறது, கூலி 100 ரூபாய், துணியின் விலை 500 ரூபாய். கூலிக்காரரின் எண் ரூபாய்க்கு 30 கிராம். சொந்தத் துணிக்கு அதே இயந்திரத்தில், அதே விறகில் சாயம் போட்டு 600 ரூபாய்க்கு விற்பவரின் சாயப் பிரிவுக்கு எண் 5 கிராம். வேலை ஒன்று, புகை ஒன்று. எண் மட்டும் ஆறு மடங்கு. உற்பத்தி அளவால் வகுத்துக் காட்டும் வரியும் உங்கள் படிவத்தில் இருப்பதை நான் அறிவேன். ஆனால் கொள்முதல் அதிகாரி தரவரிசை போடும்போது ரூபாய் எண்ணைத்தான் பார்க்கிறார், ஏனெனில் எல்லா வகைச் சரக்கையும் ஒரே பட்டியலில் அடுக்க அதுதான் வசதி. கூலி வேலை செய்பவர்களுக்குக் கிலோ கணக்கு மட்டுமே செல்லும் என்று ஒரு வரி எழுதினால் இந்த அநியாயம் நீங்கிவிடும்.

இதோடு எங்கள் ஊரின் வரலாறும் பிணைந்திருக்கிறது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறி, அதன் ஆயக்கட்டு விவசாயிகள் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் விதித்து, அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. பல நூறு பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. பிழைத்தவர்கள் எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கி, உப்பு மீட்பு என்று கோடிக்கணக்கில் கடன் வாங்கிப் போட்டுத்தான் மீண்டும் ஓட்டினார்கள். விவசாயிகள் கேட்டது முழுவதும் நியாயம். அந்தத் தீர்ப்பு வந்திராவிட்டால் ஆறு இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் எந்த நிறுவனங்களின் சட்டைக்கு அந்தச் சாயம் போனதோ, அவற்றில் ஒன்றுகூட அந்தச் செலவில் பங்கேற்கும்படி கேட்கப்பட்டதாக நான் அறியவில்லை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இப்போது அந்த ஆவியாக்கிதான் எங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. கழிவுநீரைக் கொதிக்கவைத்து உப்பையும் தண்ணீரையும் பிரிக்க மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். ஆகவே ஒரு கிலோ துணிக்கான கார்பன் எண் திருப்பூரில் ஏறுகிறது. கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றிலோ கடலிலோ விட அனுமதிக்கும் வேறோர் இடத்தில் அதே துணிக்கு அந்த எண் குறைவாக இருக்கும். கார்பன் என்ற ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வாங்குபவர் அங்கே போனால், நொய்யலைக் காப்பாற்றியதற்காகவே நாங்கள் தண்டிக்கப்படுகிறோம். தண்ணீர்க் கணக்கிலும் இதே குழப்பம். பட்டறை கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பி, சுத்தமான நீரைத் திரும்பப் பெறுகிறது. அந்த நீரைப் ‘பிறரிடமிருந்து பெற்ற தண்ணீர்’ என்று எழுதச் சொல்கிறது ஒரு வாங்குபவரின் படிவம். மறுசுழற்சி என்று எழுதச் சொல்கிறது மற்றொன்று. முதல் முறையில் நாங்கள் காவிரியையே குடித்துத் தீர்ப்பவர்களாகத் தெரிகிறோம், இரண்டாவதில் நாட்டுக்கே முன்மாதிரி. சுத்திகரிப்பில் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பைப் பட்டறையின் கழிவாகக் காட்டுவதா, நிலையத்தின் கழிவாகக் காட்டுவதா என்பதற்கும் இன்றுவரை தெளிவான விடையில்லை.

இதற்குத் தீர்வு சிக்கலானதல்ல. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கள் நீர் அளவுகளைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தொடர்ந்து தந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த நிலையத்தின் ஆண்டுக் கணக்கை, உறுப்பினரான பட்டறையின் பங்கு விகிதத்தில் பிரித்து, தண்ணீருக்கும் கழிவுக்கும் போதுமான சான்றாக ஏற்கலாம் என்று உங்கள் வாரியம் அறிவித்தால், பட்டறைவாரியாக நாங்கள் ஊகித்து எழுதும் எண்களைவிட அது நம்பகமாக இருக்கும். உங்கள் அறிக்கையில் சரிபார்ப்பவர் கையெழுத்திடும் எண்ணுக்கும் அடித்தளம் உறுதியாகும்.

அடுத்தது பணம் பட்டுவாடா. ‘பிஆர்எஸ்ஆர் கோர்’ கேட்கும் ஒன்பது அம்சங்களில் ஒன்று வாடிக்கையாளரையும் விற்பவரையும் நியாயமாக நடத்துவது; அதில் நிலுவைத் தொகை எத்தனை நாளில் தீர்க்கப்படுகிறது என்ற கேள்வி உண்டு. இந்தக் கேள்வியைப் பார்த்தபோது உண்மையில் மகிழ்ந்தேன். சூத்திரத்தைப் பார்த்தபோது அந்த மகிழ்ச்சி குறைந்தது. நிலுவையை 365ஆல் பெருக்கி ஆண்டின் மொத்தக் கொள்முதலால் வகுக்க வேண்டும். ஒரு நிறுவனம் தன் கொள்முதலில் 80 சதவீதத்தை நூல் மில்களிடம் வாங்கி 10 நாளில் பணம் தருகிறது. மீதி 20 சதவீதம் கூலிப் பட்டறைகளுக்குப் போகிறது, அவர்களுக்கு 120 நாள் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அறிக்கையில் வரும் எண் 32 நாள். சட்டம் சொல்லும் 45 நாளுக்குள் நிறுவனம் ஒழுங்காக நடப்பதாகவே முதலீட்டாளர் புரிந்துகொள்வார். நூல் மில்லுக்குக் காத்திருக்கும் பலம் உண்டு, ஆனாலும் அது காத்திருப்பதில்லை. வாரச் சனிக்கிழமை கூலி போட வேண்டிய காஜா பட்டன் கடைக்காரர்தான் காத்திருக்கிறார்.

நாள் எண்ணும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகும். நடைமுறையில், தரச் சோதனை முடிந்து வாங்குபவரின் கணினியில் சரக்கு வரவு பதிவான தேதியிலிருந்துதான் நாள் எண்ணப்படுகிறது. அந்தப் பதிவு எப்போது நடக்கும் என்பது விற்பவர் கையில் இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு, 2023-24 நிதியாண்டின் கணக்குக்கே பொருந்தும்படி 2024 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தபோது, சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதை 45 நாளுக்கு மேல் இழுத்தால் அந்த ஆண்டில் செலவாகக் காட்ட முடியாது என்ற அச்சத்தில் மார்ச் கடைசி வாரத்தில் நிலுவைகள் வேகமாகத் தீர்ந்தன. நல்லதுதான். கூடவே, சிறு, குறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை விட்டுவிட்டு வந்தால் ஆர்டர் தொடரும் என்று என் வாடிக்கையாளர் ஒருவரிடம் வாய்மொழியாகச் சொன்ன வாங்குபவரும் உண்டு. ஆண்டு முடிவில் எடுக்கப்படும் நிலுவைத் தொகை மார்ச் 31இன் புகைப்படம் மட்டுமே. ஆகஸ்டில் நிலைமை என்ன என்பதை அது காட்டாது.

நான் கேட்பது புதிய புள்ளிவிவரம் அல்ல. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாள் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ-1 படிவத்தில் தெரிவிக்கவே செய்கின்றன. அந்த இரண்டு எண்களையும் அறிக்கையில் கொண்டுவந்து, சிறு, குறு நிறுவனங்களுக்கான சராசரி நாளைத் தனி வரியாகக் காட்டச் சொன்னால் போதும். ஆர்டரைப் பாதியில் ரத்து செய்தது, டெலிவரி தாமதம் என்று பில்லில் பிடித்தம் செய்தது ஆகியவற்றின் மொத்தத் தொகையையும் சேர்த்துக் கேட்டால் இன்னும் நன்று. தொழிலாளிக்கு மிகைநேர வேலையும் கூலிப் பாக்கியும் உருவாகும் இடம் பெரும்பாலும் அந்தப் பிடித்தம்தான்.

தொழிலாளர் பற்றிய கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பணியிடப் பாலியல் தொல்லை குறித்து எத்தனை புகார்கள் வந்தன என்று படிவம் கேட்கிறது. நான் நிரப்பிய எல்லாப் படிவங்களிலும் விடை பூஜ்யம். பூஜ்யம் எழுதினால் அடுத்த கேள்வி வராது. பெண்கள் பெருவாரியாக வேலை செய்யும் ஒரு தொழிலில் இந்தப் பூஜ்யத்தை நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022இல் திண்டுக்கல் பகுதியில் ஒரு தொழிற்சங்கமும் ஏற்றுமதி நிறுவனமும் வெளிநாட்டு வாங்குபவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இதற்கு வேறு வழி இருப்பதைக் காட்டியது: புகார் சொல்ல உள்ளேயே நம்பகமான ஆட்கள், விசாரிக்கச் சுதந்திரமான அமைப்பு, மீறினால் வாங்குபவருக்கும் பொறுப்பு. அப்படிப்பட்ட ஏற்பாடு இருக்கும் தொழிற்சாலையில் புகார் எண்ணிக்கை கூடும்; உங்கள் இப்போதைய படிவத்தில் அது பின்னடைவாகவே தெரியும். எண்ணிக்கையோடு, புகார் சொல்லும் வழி என்ன, அதில் தொழிற்சங்கத்துக்கு இடம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

சான்றிதழை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சி சாட்சி. 2012 செப்டம்பரில் 250க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஆடைத் தொழிற்சாலை, தீப்பிடிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ8000 சான்று பெற்றிருந்தது. ‘சரிபார்ப்பு’ என்பதற்குப் பதிலாக ‘மதிப்பீடு’ செய்தாலும் போதும் என்று 2025 மார்ச்சில் வாரியம் தந்த சலுகையை, செலவு குறையும் என்பதால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் மதிப்பீட்டாளர் பட்டறைக்கு நேரில் வராமல் எக்செல்லை மட்டும் பார்த்துச் சான்று தரலாமா என்பதை வாரியம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உலகமே பின்வாங்குகிறது, நாம் மட்டும் ஏன் என்று இந்நேரம் உங்களிடம் தொழில் கூட்டமைப்புகள் சொல்லிக்கொண்டிருக்கும். பெரிய நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் நடக்கும் கேடுகளைக் கவனித்துத் தடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய கவனக் கடமைச் சட்டத்தை 2025 முழுவதும் சுருக்கி, 5000 ஊழியர்களையும் 150 கோடி யூரோ விற்றுமுதலையும் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று டிசம்பரில் உடன்பாடு கண்டது உண்மைதான். ஆனால் அதே திருத்தத் தொகுப்பில், நிலைத்தன்மை அறிக்கை பற்றிய பகுதியில், எங்களுக்குப் பயன்படும் ஒரு விதி இருக்கிறது: 1000 ஊழியர்களைத் தாண்டாத நிறுவனத்திடம், சிறு நிறுவனங்களுக்கென வகுத்த தன்னார்வப் படிவத்தில் உள்ளதைவிட அதிகமாகக் கேட்டால், அது தர மறுக்கலாம். வாரியத்திடம் நான் வேண்டுவது இதே உரிமையைத்தான். சிறு, குறு நிறுவனங்களுக்கு ஒரே படிவம், ஆண்டுக்கு ஒருமுறை, எல்லா வாங்குபவர்களும் அதையே ஏற்க வேண்டும். அதற்கு மேல் கேட்பவர் அந்தச் செலவைத் தர வேண்டும். அந்தப் படிவத்தில் சாயமிடுதல் போன்ற சுமை மிகுந்த வேலைகளுக்கு 2 சதவீத வரம்பு பொருந்தாது என்றும் எழுதுங்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் சிலருக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது. ஆனாலும் அது இல்லாமல் மற்றதைக் கேட்பது நேர்மையாகாது.

2024 மே மாதம் இந்த விதிகளைத் தளர்த்துவது பற்றிய கலந்தாய்வு அறிக்கையை வாரியம் வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, எங்கள் தெருவில் யாருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஆங்கிலத்தைப் படித்து இணையதளத்தில் பதில் பதிந்திருக்க மாட்டார்கள். 2026-27இல் 1000 நிறுவனங்களும் சரிபார்ப்புக்குள் வந்தபின் எங்களிடம் வரும் படிவங்கள் இன்னும் பெருகும். அடுத்த திருத்தத்துக்கு முன், சங்கிலி விவரங்கள் பற்றிய பகுதியை மட்டுமாவது தமிழில் வெளியிட்டு, திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ ஒருநாள் நேரடிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். பட்டறைக்காரர்கள் வர வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். நிறுவனங்களின் பெயர்களை நீக்கி, ஒரே தண்ணீரை வெவ்வேறு விதமாகக் கேட்கும் படிவங்களின் நகல்களை அங்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் ஒருவர்,
திருப்பூர்.